மூன்றில் இரண்டு பிள்ளைகள்

2000-ஆம் ஆண்டில் சீனாவின் பல் சீரமைப்பு மருத்துவர்கள் பல நகரங்களில் சுமார் 25,000 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். சின்னச் சின்னப் பிசகுகளை விட்டுவிட்டு எண்ணியும், 67.82 சதவீதம் பேருக்குப் பல் வரிசையிலோ கடிப்பிலோ கோளாறு என்று கணக்கு வந்தது. மூன்றில் இரண்டு பேர்! எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எத்துப்பல், தெத்துப்பல், இடநெருக்கடி, மேல்வரிசைக்கு முன்னால் கீழ்வரிசை வந்து நிற்பது எல்லாமே அந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்கம். ஒவ்வொன்றின் காரணமும் வேறு, அவசரமும் வேறு.

சில விஷயங்கள் பரம்பரையாக வருபவை. சீனப் பிள்ளைகள் பலரின் மேல் முன்பற்களில் உட்புற ஓரங்கள் தடித்து, நடுப்பகுதி மண்வெட்டிபோல் குழிந்திருக்கும். ஈடிஏஆர் என்ற மரபணுவின் ஒரு வகைதான் இதற்கு முக்கியக் காரணம். கிழக்காசியர்களின் தடித்த தலைமுடியிலும் அதற்குப் பங்குண்டு. முன்பற்களும் உதடுகளும் சற்றே முன்தள்ளி இருப்பதும் அங்கே இயல்பான முக அமைப்பு. ஐரோப்பிய முகங்களை அளந்து வகுத்த அளவுகோலை வைத்தால் அதுவும் குறையாகத் தெரியும். அதனால்தான் சீன மருத்துவர்கள் தங்கள் மக்களின் முகங்களை அளந்து, தங்களுக்கென அளவுகளை வகுத்துக்கொண்டார்கள். எனக்கு இது வெறும் தொழில்நுட்பத் திருத்தமல்ல, அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த நியாயம்.

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே விழும் சிறு சந்து, கோரைப்பற்கள் இறங்கியதும் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். கீழ்வரிசை முன்னால் நிற்பது அப்படியல்ல. ஐரோப்பியரைவிடக் கிழக்காசியரிடம் இது அதிகம். மேல்தாடை போதுமான அளவு வளராததும் ஒரு காரணம். முகத்தில் பொருத்தும் கருவியால் மேல்தாடையை முன்னிழுக்கும் சிகிச்சை, பத்து வயதுக்குள் தொடங்கினால் நன்றாகப் பலிக்கும். தள்ளிப்போட்டால் சிலருக்குத் தாடை அறுவை சிகிச்சை வரை போகும்.

சொத்தைதான் மனத்தை உறுத்துகிறது. சீனாவின் 2015-16 தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்குப் பால் பல்லில் சொத்தை இருந்தது. எப்படியும் விழப்போகிற பல்தானே என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பால் கடைவாய்ப்பல் முன்கூட்டியே போனால் பின்னாலிருக்கும் பல் அந்த இடத்துக்குச் சாயும். அடுத்து வரும் நிலைப்பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். பெருநகரங்களில் கண்ணாடி போன்ற கிளிப்புக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை, ஐந்து வயதில் அந்தப் பல்லை அடைக்கச் செலவிட்டிருக்கலாம். அது பத்து, பதினொரு வயதுவரை இருந்து இடத்தைக் காத்துத் தரவேண்டிய பல்.