நோயை மறைக்காத பெரியப்பா

தென்னை விவசாயிகளுக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1952-ம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இந்நோய்க்கு இப்பெயர் வந்தது. அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். மண்ணில் இருக்கும் கனோடெர்மா என்னும் பூசணம் வேர் வழியே மரத்தைத் தாக்கும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். தூரில் வெடிப்பு கண்டு செம்பழுப்பு நிறச் சாறு வடியும். குரும்பை கொட்டும். முடிவில் மரமே பட்டுப்போகும். மணற்பாங்கான கடலோரத் தோப்புகளில், கோடையில் நீர் குறையும்போது, இதன் கொடுமை அதிகம்.

இந்த நோயை விடப் பொல்லாதது ஒன்று உண்டு. அது நோயை மறைக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தம் ஊரில் ஒழித்துக் காட்டிய ஒரு பெரியவரைப் பற்றியே இக்கட்டுரை. பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த அவர் 2022-ல் காலமானார்.

இடம் கொடுத்தவர்

1998-ல் நான் விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிது. வாடல் நோய்க் கட்டுப்பாட்டுக்குச் செயல்விளக்கத் திடல் அமைக்க ஊர் ஊராகத் தோப்பு தேடினேன். நோய் கண்ட தோப்புகள் பல இருந்தும் ஒருவரும் முன்வரவில்லை. பலகை நட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். குத்தகைக்காரர் விலையைக் குறைப்பார். நிலத்தின் மதிப்பும் இறங்கும் என்ற அச்சம்.

இந்தப் பெரியவருக்கு நான்கு ஏக்கர் தோப்பு. பதினொரு மரங்களில் நோய். "காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் வைக்கோல் போருக்குள்ளா ஒளித்து வைப்பார்கள், தம்பி? சாலையோரமாகவே பலகையை நடுங்கள்" என்றார். பயந்தபடியே அந்த ஆண்டு குத்தகைக்காரர் விலையைக் குறைத்துத்தான் கேட்டார். பெரியவர் வாக்குவாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டார்.

தோப்பில் நடந்த வேலை

நோய் முற்றிய நான்கு மரங்களைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடுத்து எரித்தோம். மற்ற ஏழையும் சுற்றி, தூரிலிருந்து ஐந்தடி தள்ளி, மூன்றடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள பள்ளம் எடுத்தோம். மரத்துக்கு மரம் பாய்ந்து ஓடும் பாசனத்தை நிறுத்தித் தனித்தனி வட்டப்பாத்தி கட்டினோம். ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரமும் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இட்டோம். ஒரு சத போர்டோ கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி ஊற்றினோம். இடையில் வாழை வைத்தோம்.

ஏழில் ஐந்து மரங்கள் தேறின. அதைவிட முக்கியமானது பெரியவர் தாமாகச் செய்த ஒரு காரியம். அவர் தோப்பு வழியாகவே கீழ்ப்புறத்துத் தோப்புக்கும் தண்ணீர் போய்க் கொண்டிருந்தது. அங்கே சில சென்ட் நிலத்தை நம்பி ஒரு விதவைப் பெண் பிழைத்து வந்தார். "நோய் என்னுடையது, தண்ணீர் அந்தப் பெண்ணுடையது. இரண்டும் சேரக் கூடாது" என்று சொல்லி, வரப்போரமாகத் தம் செலவிலேயே தனி வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். அதற்காக அவர் இழந்தது ஒரு வரிசை வாழை.

வீட்டில் ஒருவராக

முதல் ஆண்டிலேயே என்னை "ஐயா" என்று அழைக்க விடவில்லை. "பெரியப்பா என்று கூப்பிடு" என்றார். சொந்த ஊரை விட்டு வந்து தனியே இருந்த எனக்கு, அவர் வீட்டுத் திண்ணைதான் மதிய இளைப்பாறல். பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் எனக்கென்று எடுத்து வைத்திருப்பார் பெரியம்மா. என் மகள் பிறந்தபோது பேருந்தில் இரண்டு தென்னங்கன்றுகளைச் சுமந்து வந்தார் பெரியப்பா. அவற்றில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டுக்குக் காய் கொடுக்கிறது.

கஜா புயலுக்குப் பின்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நான்காம் நாள்தான் அவர் ஊருக்குள் நுழைய முடிந்தது. பெரியப்பாவுக்கு அப்போது வயது எண்பத்து நான்கு. இருநூற்றைம்பது மரங்களில் முப்பதுகூட நிற்கவில்லை. நாங்கள் காப்பாற்றிய ஐந்தும் போயின.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நின்றேன். அவரோ, "எனக்கு வயதாகிவிட்டது, தம்பி. கடன் வாங்கித் தோப்பு வைத்த சின்னவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆள் பேசிக் கொண்டிருந்தார். மட்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். நின்ற மரங்களையும் வைக்கும் கன்றுகளையும் அது தாக்கும் என்பது அவருக்குத் தெரியும். அக்கம்பக்கத்தாரிடமும் அதையே சொன்னார்.

2019-ல் அறுபது நெட்டைக் கன்றுகள் நட்டார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம், "காய் பறிக்க நான் இருக்க வேண்டும் என்று கன்றுக்கு ஒன்றும் கட்டாயமில்லையே" என்றார். அந்தக் கன்றுகள் இப்போது பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. அவர் பார்க்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அந்த ஊரில் இன்று ஒரு மரத்தில் சாறு வடிந்தால், தோப்புக்காரரே பக்கத்துத் தோப்புக்காரரை அழைத்துக் காட்டுகிறார். பெரியப்பா விட்டுச் சென்ற சொத்து இதுதான்.

விவசாயப் பெருமக்களும் தம் தோப்பில் ஒவ்வொரு மரத்தின் தூரையும் மாதம் ஒரு முறை பார்வையிட வேண்டும். சாறு வடிவது தெரிந்தால் உடனே தனிப்பாத்தியும் பள்ளமும் எடுத்துவிட வேண்டும். மரம் ஒன்றுக்குப் போர்டோ கலவை தயாரிக்க, 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் நீரிலும், 400 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு 20 லிட்டர் நீரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். நோயால் பட்ட மரத்தின் தூரை மண்ணில் விட்டு வைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் கண்ட அன்றே பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வேரும் நீரும் வேலியைப் பார்ப்பதில்லை.