முகம் மறைத்த பேச்சும் ஊரின் ஒற்றுமையும்

ஓர் ஊரின் நலம், அவ்வூரார் கூடிப் பேசும் பேச்சிலே தொடங்குகிறது. ஏரிக்கரையை எப்போது உயர்த்துவது, திருவிழாவிற்கு யார் பொறுப்பேற்பது, பள்ளிக்கூடத்தை எவ்விடத்தில் எழுப்புவது என்பன போன்ற காரியங்கள் முன்னாளில் மரத்தடியிலும் சாவடித் திண்ணையிலும் பேசி முடிக்கப்பட்டன. அங்கே பேசுபவர் இன்னார் என்பதும், சொன்ன சொல்லைக் காப்பவரா அல்லரா என்பதும் யாவருக்கும் தெரியும். ஆகவே சொல்லுக்கு மதிப்பும், வரம்பு மீறிப் பேசுவோர்க்குக் கூச்சமும் இருந்தன. ஆயினும் அத்திண்ணையில் பெண்களுக்கும் எளியோர் பலருக்கும் இடம் இருந்ததில்லை என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

இன்று கைப்பேசியில் அமையும் வாட்ஸ்அப் குழுக்கள் அக்குறையை ஓரளவு நீக்கியுள்ளன. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். குடிநீர் எந்நேரம் வரும், நியாயவிலைக் கடையில் என்ன பொருள் வந்திருக்கிறது, நெல்லில் கண்ட நோய்க்கு என்ன மருந்து என்பன உடனுக்குடன் தெரிகின்றன. பொதுக்கூட்டத்தில் எழுந்து நிற்கத் தயங்கும் பெண்மணியும் தம் கருத்தை இங்கே எழுதுகிறார். இது பெரிய நன்மை. இந்நன்மையைக் கெடுக்கும் தீமைகள் இரண்டு. ஒன்று, சண்டை மூட்டுவதற்கென்றே பேசும் பேச்சு. மற்றொன்று, பிறர் பெயரில் புகுந்து பேசும் ஆள்மாறாட்டம். இவற்றின் இயல்பையும், இவற்றிலிருந்து நம் குழுக்களைக் காக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

தூண்டிலும் முகமூடியும்

சண்டை மூட்டும் பேச்சுக்கு ஆங்கிலத்தில் ‘டிரோலிங்’ என்று பெயர். மெல்ல நகரும் படகிலிருந்து, இரை கோத்த தூண்டிற் கயிற்றை நீரில் இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறையை அச்சொல் குறிக்கும். அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் 1979-இல் திட்டமிட்டு, அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த ‘யூஸ்நெட்’ என்பது, கணிப்பொறி வாயிலாகப் பலர் கூடி விவாதித்த தொடக்ககால மன்றங்களுள் ஒன்று. அம்மன்றங்களில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இச்சொல் புதுப்பொருள் பெற்றது. பழைய உறுப்பினர் ஒருவர் ஏதும் அறியாதவர்போல் ஒரு கேள்வியை வீசுவார். புதியவர் பலர் ஓடிவந்து சினத்துடன் விடை கூறுவர். வீசியவர் மறைவிலிருந்து நகைப்பார். அன்று வேடிக்கையாக இருந்த இது, பின்னர் வசையாகவும் மிரட்டலாகவும் வளர்ந்தது. எனினும் அதன் அடிப்படை மாறவில்லை. மீன் கடித்தால்தான் தூண்டிலுக்குப் பயன். நாம் சினந்து விடையளித்தால்தான் அப்பேச்சுக்கு உயிர்.

ஆள்மாறாட்டம் பல வகைப்படும். ஊரறிந்த ஒருவருடைய பெயரையும் படத்தையும் எடுத்துப் புதிய எண்ணில் ஒட்டிக்கொண்டு வருவது ஒரு வகை. உலகில் இல்லாத ஒருவரைப் படைத்துக்கொண்டு வருவது மற்றொரு வகை. ஒருவரே நான்கு பெயர்களில் நுழைந்து, ஒரு பெயரில் தாம் கூறியதை மற்ற மூன்று பெயர்களிலும் தாமே ஆமோதிப்பது மூன்றாம் வகை. அங்கே ஊரே ஒரு பக்கம் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் நிற்பவர் ஒருவரே. ஆறு இலக்க இரகசிய எண்ணை நயமாகக் கேட்டுப் பெற்றுப் பிறருடைய கணக்கையே கைப்பற்றுவது நான்காம் வகை.

நல்லவரும் தடுமாறுவது ஏன்?

நேரில் காணும்போது பணிவுடன் பேசுபவர், கைப்பேசியைக் கையில் எடுத்ததும் கடுஞ்சொல் எழுதுவதை நாம் காண்கிறோம். ஜான் சூலர் என்னும் அமெரிக்க உளநூலார் 2004-இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் காரணங்களை வகுத்துக் கூறினார். தம்மை இன்னார் என்று பிறர் அறியார் என்ற எண்ணம், எதிரில் இருப்பவரின் முகம் கண்ணுக்குத் தெரியாமை, சொன்ன சொல்லின் விளைவை அப்போதே காண வேண்டிய தேவை இன்மை, கண்டிக்கத்தக்க பெரியவர் எவரும் அருகில் இல்லை என்னும் துணிவு ஆகியவை அவற்றுள் சில. சுருங்கச் சொன்னால், முகம் மறையும்போது கூச்சமும் மறைகிறது.

ஸ்டான்போர்டு, கார்னெல் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் 2017-இல் வெளியிட்ட சோதனை ஒன்று மேலும் கருதத்தக்கது. 667 பேரிடம் அச்சோதனை நடத்தப்பட்டது. சிலருக்கு எளிய வினாத்தாளும், சிலருக்குச் சலிப்பூட்டும் கடினமான வினாத்தாளும் தந்தனர். பின்னர் ஒரு செய்திக்கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதச் செய்தனர். எளிய வினாத்தாள் பெற்று, அமைதியான கருத்துகளையே முன்னர்க் கண்டவர்களுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் சண்டைப் பேச்சு எழுதினர். மனம் சலித்து, முன்னரே வசைகள் எழுதப்பட்டிருந்ததையும் கண்டவர்களுள் 68 விழுக்காட்டினர் அவ்வாறு எழுதினர். இதனால் தெரிவது யாது? வம்பு பேசுவோர் என்று தனி இனம் இல்லை. முதற் சொல் தீயதாயின் அடுத்த சொல்லும் தீயதாகிறது. ஒரு குழுவில் முதல் வசையை யார் தடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அக்குழுவின் எதிர்காலம் அமைகிறது.

ஒரே கையில் இரு கொடிகள்

இவ்விரு தீமைகளும் ஒன்று சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவோம்.

2016-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், இஸ்லாமிய நிலையம் ஒன்றன் முன்பு இரு சாரார் திரண்டு, வீதியின் இரு புறமும் நின்று ஒருவரையொருவர் எதிர்த்து முழங்கினர். ‘டெக்ஸாஸில் இஸ்லாம் பரவுவதைத் தடுப்போம்’ என்று ஓர் அழைப்பு வந்திருந்தது. அதே நாளில், அதே இடத்தில், அதே நேரத்தில், ‘இஸ்லாமிய அறிவைக் காப்போம்’ என்று மற்றோர் அழைப்பும் வந்திருந்தது. முதல் அழைப்பை விடுத்தது முகநூலில் ‘ஹார்ட் ஆப் டெக்ஸாஸ்’ என்னும் பக்கம். அதனை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பின்பற்றி வந்தனர். இரண்டாம் அழைப்பை விடுத்தது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆப் அமெரிக்கா’ என்னும் பக்கம். அதனைப் பின்பற்றியோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், அமெரிக்கச் செனட் சபையின் உளவுத்துறைக் குழுத் தலைவர் ரிச்சர்டு பர் உண்மையை வெளியிட்டார். இவ்விரு பக்கங்களையும் நடத்தியவர்கள் டெக்ஸாஸ்காரர்களும் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். கடல் கடந்து ருஷ்ய நாட்டில் அமர்ந்திருந்த ஒரே கூட்டத்தார் இரு வேடங்களையும் பூண்டிருந்தனர். இரு கூட்டங்களையும் விளம்பரப்படுத்த அவர்கள் செலவிட்டது ஏறக்குறைய 200 டாலர் மட்டுமே. 2018 பிப்ரவரி 16-இல் ருஷ்யர் 13 பேர் மீதும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து இயங்கிய ‘இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி’ உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் மீதும் அமெரிக்க அரசு குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்துப் பொருள் உதவியவர் தாமே என்று எவ்கெனி பிரிகோஷின் என்னும் ருஷ்யச் செல்வர் 2023-இல் ஒப்புக்கொண்டார்.

வீதியில் நின்ற மக்களின் சினம் பொய்யன்று. அவர்களுடைய அச்சமும் பொய்யன்று. அவர்களை அழைத்தவரின் பெயர் மட்டுமே பொய். ஓர் ஊரில் முன்னமே இருக்கும் பிளவைத்தான் ஆள்மாறாட்டக்காரன் தேடுகிறான். புதிதாகப் பகையை உண்டாக்க அவனுக்கு வலிமை இல்லை; உள்ள பகையை ஊதிவிடுவதே அவன் தொழில்.

நம் ஊரில் இது நுழையும் வழி

இத்தகைய தீமைக்கு அயல்நாட்டார் வர வேண்டும் என்பதில்லை. ஓர் ஊரை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். குடிநீர்க் குழாய் எத்தெருவிற்கு முதலில் போடுவது என்று குழுவில் பேச்சு நடக்கிறது. மேலத்தெருப் பெரியவர் ஒருவரின் படத்தைத் தாங்கிய புதிய எண்ணிலிருந்து, கீழத்தெருவாரை இழிவுபடுத்தும் ஒரு வரி வருகிறது. அப்பெரியவரோ அவ்வேளையில் வயலில் இருக்கிறார். கைப்பேசியைத் தொடவே இல்லை. அவர் வீடு திரும்புவதற்குள் நாற்பது விடைகள் எழுதப்பட்டுவிட்டன. இரு தெருவாரின் பழங்கணக்குகளும் வெளிவந்துவிட்டன. குழாயைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது.

இதில் முதலில் இழப்பவர் யார்? உரத்த குரலுடையோர் அல்லர். அவர்கள் எங்கும் பேசுவர். வசை தொடங்கியதும் அமைதியாகக் குழுவிலிருந்து விலகுபவர்கள் பெண்களும் எளியோருமே. எவருக்கு இக்குழு புதிதாக ஒரு குரலைத் தந்ததோ, அவர்களே வாய் மூடிக்கொள்கிறார்கள். இறுதியில் திண்ணையில் அன்று பேசியவர்களே இங்கும் பேசுகிறார்கள். ஆகவே குழுவில் பண்பைக் காப்பது வெறும் நாகரிகம் பற்றிய காரியமன்று. ஊர் முன்னேற்றத்தில் யாவர்க்கும் பங்கு உண்டா என்பதைப் பற்றிய காரியமாகும்.

குழுவைக் காக்கும் முறைகள்

முதலாவதாக, ஐயத்துக்குரிய வரி வந்தால் உடனே விடையளிக்கலாகாது. எழுதியவராகத் தோன்றுபவரை, நாம் முன்னமே அறிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். அருகில் இருப்பவராயின் நேரில் சென்று கேட்பது இன்னும் நன்று. படத்தையும் பெயரையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகையால் அவை அடையாளம் ஆகா. பணம் கேட்டு வரும் செய்திக்கும் இதுவே விதி. இன்று குரலையும் இயந்திரத்தால் போலியாக அமைக்க முடியுமாதலின், வந்த அழைப்பை நம்பாமல் நாமே திரும்ப அழைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ‘அட்மின்’ என்று வழங்கப்படும் குழு நடத்துவோர் வாயிற்காவலராக இருத்தல் வேண்டும். இன்னார் என்று அறிந்த பின்னரே புதியவரைச் சேர்க்க வேண்டும். சேர விழைவோரை ஒப்புதலுக்குப் பின் ஏற்கும் ஏற்பாடு வாட்ஸ்அப்பிலேயே உண்டு. தீய வரியை எல்லோர் கைப்பேசியிலிருந்தும் நீக்கவும், சச்சரவு முற்றும்போது நடத்துவோர் மட்டுமே எழுதும்படி செய்யவும் அவர்களால் இயலும். உறுப்பினர் எழுதியதற்காக நடத்துபவரை, அவர் அப்பொறுப்பில் இருக்கிறார் என்ற ஒரு காரணத்தாலேயே குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துள்ளது. சட்டப் பொறுப்பு இல்லை என்பதால் ஊர்ப் பொறுப்பும் இல்லை என்று கொள்ளலாகாது. இருவர் மூவர் கூடி நடத்துவதும், அவருள் ஒருவரேனும் பெண்மணியாக இருப்பதும் நன்று.

மூன்றாவதாக, கணக்கைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆறு இலக்க இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்னும் பூட்டினை ஒவ்வொருவரும் இட்டுக்கொள்ள வேண்டும். இதனைப் பெரியோர்க்கு அமைத்துத் தருவது ஊர் இளைஞர்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்யக்கூடிய தொண்டு.

நான்காவதாக, தூண்டிற் பேச்சையும் நேர்மையான குறைகூறலையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தம் பெயரில் நின்று ஊராட்சிக் கணக்கைக் கேட்பவர் வம்புக்காரர் அல்லர். அவருக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். விடை கிடைத்த பின்னரும் அதே வினாவை வசையோடு திரும்பத் திரும்ப வீசுபவரே தூண்டில் போடுபவர். அவருக்கு மௌனமே விடை. ஆனால் பாதிக்கப்பட்டவரைத் தனியே விட்டுவிடும் மௌனம் கூடாது. ‘இது அவர் எழுதியதன்று’ என்று நான்கு பேர் தம் பெயரில் எழுதினால், முகமூடி அப்போதே கழன்று விழும்.

சட்டத்தின் துணை

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு பிறருடைய மின்னணு அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதையும், 66-டி பிரிவு கணிப்பொறி அல்லது தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் குற்றங்களாக்குகின்றன. இரண்டிற்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 319-ஆம் பிரிவு, ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. ஆயினும் பிறர்க்கு எரிச்சலூட்டும் பேச்சு எல்லாம் குற்றமாகா. அவ்வாறு கருத இடந்தந்த 66-ஏ பிரிவை, பேச்சுரிமைக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் நீக்கிவிட்டது.

பாதிக்கப்பட்டவர் செய்தியை அழித்துவிடலாகாது. எண்ணும் நாளும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ முறையிடலாம். பணம் பறிபோயிருப்பின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

முடிவாக ஒன்று கூறுவோம். தமிழகத்தில் ஆண்டுதோறும் ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. குழுவில் தீராத வழக்கை அங்கே கொண்டுவந்து, முகம் பார்த்துப் பேசித் தீர்ப்போமாக. கைப்பேசி ஊரைக் கூட்டும் கருவியாக இருக்கட்டும். முடிவு எடுக்கும் இடம் முகம் தெரியும் அவையாக இருக்கட்டும். நேரில் சொல்ல நாணும் சொல்லைக் குழுவிலும் எழுதுவதில்லை என்று ஒவ்வொருவரும் உறுதி கொண்டால், ஊரின் புதிய திண்ணை பழைய திண்ணையினும் சிறந்து விளங்கும் என்பதில் ஐயமில்லை.