கான்கிரீட் ஒப்பந்தமும் மலிவாக்கப்பட்ட மரணமும்

பாதுகாப்பு வீண்செலவு என்பதே கான்கிரீட் ஒப்பந்தக்காரர்கள் பலரின் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. 2025 வரை நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில், பணியில் இறந்தவரின் மாத ஊதியத்தில் 50 விழுக்காடு அவரது வயதுக்குரிய காரணியால் பெருக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள் தராவிடில் 12 விழுக்காடு வட்டி இருந்தது. நியாயமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டம். தலைக்கவசம் அணியவில்லை என்று இறந்தவர்மீது பழிபோட்டுத் தப்பவும் இயலாது. முதன்மை நிறுவனம் பணம் கட்டினாலும் துணை ஒப்பந்தக்காரரிடம் அதை மீட்கலாம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இக்கட்டமைப்பையே தொடர்கிறது. தளம் போடுமுன் சென்ட்ரிங் முட்டுகளைச் சரிபார்க்க ஒருநாள் செலவிடுவது, வணிகமாகப் பார்த்தாலும் மலிவு.

ஆனால் இந்த ஆதாயம், மரணத்துக்கு விலை கொடுக்க நேரும் இடத்தில்தான் செல்லும். மேஸ்திரி வழியே வரும் தலித் சித்தாள்களும் வெளிமாநிலத்தவரும் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. ஊதியத்தை நிறுவ இயலாத குடும்பத்தைப் பிணவறை வாசலிலேயே சிறு தொகைக்கு இணங்கவைக்கிறார்கள். சாதி செய்துதரும் தள்ளுபடி இது. மாணவர்கள் அறிய வேண்டியது: இறப்பு இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. முன்பணமாகத் தரக்கூடிய மூன்று மாத ஊதியம் நீங்கலாக, நேரில் கொடுத்த தொகை இழப்பீடாகக் கருதப்படாது. வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்கியிருந்தாலும்.