மலைமேல் ஒரு மீட்டிங்

ஆண்டுத் திட்டமிடல், விற்பனைப் பிரிவினரின் சந்திப்பு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி என்று அலுவலகக் கூட்டங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நடத்துவது நிறுவனங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ‘ஆஃப்சைட்’ என்று ஊழியர்கள் சொல்லும் இந்தக் கூட்டங்களுக்குச் சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காடு தோதான இடம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்; 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏரி, காபித் தோட்டங்கள், குளிர்ந்த காற்று. மாநாட்டுக் கூடம் வைத்திருக்கும் ரிசார்ட்டுகளும் உண்டு. இத்தகைய கூட்டங்களின் அழைப்பிதழ்களில் ‘சூழலுக்கு உகந்த நிகழ்ச்சி’ என்ற வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. வருகிறவர்களுக்குத் துணிப்பை, மூங்கில் பேனா. கடைசி நாளில் மரக்கன்று நடும் புகைப்படம். இவற்றில் தவறில்லை. ஆனால் ஒரு கூட்டம் மலையைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பது துணிப்பைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. யார் வருகிறார்கள், எதில் வருகிறார்கள், எந்த மாதம் வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் ஆகிய ஐந்து கேள்விகளுக்கான பதில்தான் அந்த முடிவு. கூட்டம் உயிரோட்டமாக அமைவதும் சலிப்பில் முடிவதும் பெரும்பாலும் இதே ஐந்து பதில்களைப் பொறுத்ததே. இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

மலையின் கொள்ளளவு

ஏற்காடு மாநகராட்சி கிடையாது. சிறிய மலையூர். நூற்றைம்பது பேர் இரண்டு நாள் தங்கிப் போட்டுவிட்டுப் போகும் குப்பையை அள்ள, பெருநகரத்தில் இருப்பதுபோன்ற வண்டிகளும் ஆட்களும் அங்கே இல்லை. அள்ளப்படாதது எங்கே போகும் என்பதை நில அமைப்பே சொல்லிவிடும். ஏற்காடு ஏரியின் உபரிநீர் கிளியூர் அருவிப் பக்கம் இறங்குகிறது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் போகும் சரபங்காவும் பிறப்பது சேர்வராயன் மலைத்தொடரில்தான். மேலே ஓடையில் விழும் எதுவும் மேலேயே தங்கிவிடாது. காபித் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் நடமாடும் மலை இது. உணவுக்கழிவோடு கட்டி எறியப்படும் பிளாஸ்டிக் பை அவற்றின் வாய்க்கும் எட்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டப்பட்டது வரை, இந்த மலையிடமிருந்து வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டது ஏராளம். அதன் குளிர்ச்சியையும் அமைதியையும் தேடி இப்போது வருகிறவர்கள் அந்த வரிசையில் சேராமல் இருக்க வேண்டுமானால், மலையின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும்.

முதல் கணக்கு பயணம்

சூழல் பாதிப்பு என்றதும் நம் கண் குப்பைக்குத்தான் போகிறது. உண்மையில் பெரிய தொகை பயணக் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய மாநாட்டுக்குச் சுமார் 28,000 பேர் வந்தார்கள். அவர்கள் வந்துபோன பயணம் மட்டும் ஏறத்தாழ 80,000 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயுக்களை வெளியிட்டதாக, 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று டன். ஏற்காட்டுக் கூட்டத்துக்கு யாரும் கண்டம் தாண்டி வருவதில்லை. ஆனாலும் கணக்கின் அடிப்படை ஒன்றுதான். பெங்களூரிலிருந்து நூறு பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். போக வர 460 கிலோமீட்டர். காருக்கு நாலு பேர் வீதம் 25 கார்கள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 760 லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். அதே நூறு பேர் இரண்டு பேருந்துகளில் வந்தால், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று போட்டாலும் 230 லிட்டர் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஆக, முன்னதில் இரண்டு டன்னுக்கு மேல். பின்னதில் 600 கிலோ சொச்சம். எத்தனை துணிப்பை கொடுத்தாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. மலைப்பாதையில் 23 வண்டிகள் குறைவது தனி லாபம்.

ரயிலில் வருவது இன்னும் நல்லது. சேலம் ஜங்ஷன் அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடும் வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்றே பெயர். 2023இல் தொடங்கிய சென்னை - கோவை, கோவை - பெங்களூர் வந்தே பாரத் ரயில்கள் இரண்டும் சேலத்தில் நிற்கின்றன. அங்கிருந்து மேலே போக அரசுப் பேருந்துகள் நாள்தோறும் ஏறி இறங்கும் அதே சாலையில் இரண்டு பேருந்துகளை வாடகைக்கு அமர்த்தினால் போதும். ஒன்றாக வருகிறவர்கள் வழியிலேயே பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது இதில் கிடைக்கும் இன்னொரு பலன். தனித்தனிக் காரில் வந்து இறங்குகிறவர்களை ஒருவரோடொருவர் பழக வைக்க ‘ஐஸ் பிரேக்கர்’ விளையாட்டு நடத்துவதற்குப் பதிலாக, ஒரே பெட்டியில் ஏற்றிவிடலாம்.

அரங்கத்துக்குள்

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்தது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித டீ கப்பும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கும் இன்னும் தெரியாது. குடிநீர் பாட்டில் பட்டியலில் இல்லை. அதனால்தான் எந்தக் கருத்தரங்க மேசையிலும் அரை லிட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடிக்கிறார். தேநீர் இடைவேளைக்கு எழுந்து போகிறார். திரும்பி வரும்போது பக்கத்தில் இருப்பவருடையது எது, தன்னுடையது எது என்று தெரிவதில்லை. புதிதாக ஒன்றைத் திறக்கிறார். மாலையில் கூடத்தைச் சுத்தம் செய்கிறவர் பாதி நிறைந்த பாட்டில்களைச் சாக்கில் அள்ளுகிறார். கீழேயிருந்து லாரியில் ஏற்றி வந்த தண்ணீரில் பாதி, யார் தாகத்தையும் தீர்க்காமல் சாக்கடைக்குப் போகிறது. 20 லிட்டர் கேன்களும், பெயர் ஒட்டிய எவர்சில்வர் டம்ளர்களும் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. நீலகிரி மாவட்டம் 2019இலேயே குடிநீர் பாட்டில்களுக்குத் தடை போட்டு, குடிநீர் ஏடிஎம்களை வைத்தது. ஊட்டியில் கூட்டங்கள் அதனால் நின்றுவிடவில்லை.

பேனரும் அப்படித்தான். நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் பெரிதாக அச்சிட்ட ஃபிளெக்ஸ், இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் எதற்கும் உதவாது. தேதி போடாமல், நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிய துணி பேனர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரும். சாப்பாட்டுக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். மூன்று வகைச் சமையலில் இருபது பதார்த்தங்களை பஃபேயில் அடுக்கினால் மிச்சம் விழத்தான் செய்யும். வருகிறவர்களின் எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பே உறுதிசெய்து, பதார்த்தங்களைப் பாதியாகக் குறைத்து, சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, மலையில் விளையும் சௌசௌ, பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் என்று கிடைக்கும் பருவத்துக்கேற்பப் பரிமாறினால் செலவும் குறையும், மிச்சமும் குறையும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மலையில் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கும். டிஜே கச்சேரிக்கு அது இடமே இல்லை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்துகிறவர், மூன்று வேலைநாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம்பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளும் 2016இலேயே சொல்லிவிட்டன. தோட்டத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும்.

மலையையே பாடமாக்கினால்

‘இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் நிகழ்ச்சி களையிழந்துவிடும்’ என்பார்கள். சலிப்பூட்டும் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். திரைச்சீலையை இழுத்து மூடிய கூடத்தில் எட்டு மணி நேரம் ஸ்லைடு காட்டுவதற்கு யாரும் 20 வளைவு ஏறி வரத் தேவையில்லை; அதைச் சேலத்திலேயே செய்யலாம். மலையைப் பார்க்காத கூட்டத்துக்குத்தான் செயற்கை அலங்காரமும் வாடகை விளக்குகளும் வேண்டியிருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் காபி அறுவடையை நேரில் பார்க்கலாம்: சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கும் கை, தோல் நீக்கும் இயந்திரம், களத்தில் காயும் கொட்டை, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடி. நிழலுக்கு நிற்கும் மரம் மிளகுக்குப் பற்றுக்கொம்பாகவும் உதவும் இந்த ஏற்பாட்டைத் தோட்டத்து மேஸ்திரி அரைமணி நேரம் விளக்கினால், ஒரு வளத்தைப் பல வகையில் பயன்படுத்துவது பற்றி எந்த ஆலோசகரும் சொல்லாததைச் சொல்லிவிடுவார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டில் இருக்கிறது. மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களில் விருப்பமுள்ளவர்களை உரிய ஊதியத்துடன் வழிகாட்டிகளாக அமர்த்தலாம். அவர்களை மேடை ஏற்றி ஆடவிட்டுப் படம் பிடிப்பதைவிட, காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்பதே மரியாதை.

‘காணொளியிலேயே நடத்திவிடலாமே, எதற்கு மலை?’ என்ற கேள்வி நேர்மையானது. மாநாடுகளை முழுக்க இணையத்துக்கு மாற்றினால் கார்பன் கணக்கு 94 விழுக்காடு குறையும் என்று 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான புரூக்ஸ், லெவாவ் ஆகியோரின் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஐந்து நாடுகளில் பொறியாளர்களிடம் நடத்திய அந்தச் சோதனையில், காணொளியில் பேசியவர்களைவிட நேரில் பேசியவர்களே அதிகப் புதிய யோசனைகளைச் சொன்னார்கள். வந்த யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் காணொளிக் குழுக்கள் பின்தங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. அறிக்கை வாசிப்பு, விற்பனைக் கணக்கு, இறுதி ஒப்புதல் எல்லாவற்றையும் திரையிலேயே முடித்துவிட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டியதற்கு மட்டும், யோசிக்க வேண்டியவர்கள் மட்டும் மலையேற வேண்டும். நூற்றைம்பது பேர் நாற்பதாகக் குறைவார்கள். நாற்பது பேரும் பேசுவார்கள்.

‘எங்களால் ஊருக்கு வருமானம் வருகிறதே’ என்பது அடுத்த வாதம். வருமானம் வருவது உண்மை. ஆனால் சாப்பாட்டுப் பொருள் முதல் அலங்காரம் வரை எல்லாவற்றையும் கீழேயிருந்து ஏற்றி வரும் நிகழ்ச்சியில், பணமும் கீழேயே போய்விடும்; மேலே தங்குவது குப்பை மட்டும். காய்கறி, காபி, மிளகு, வழிகாட்டி, பாய், கூடை என்று மலையில் வாங்கினால்தான் அந்த வாதம் செல்லும். கோடைவிழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில் ஊர் ஏற்கெனவே திணறும். அப்போது வரும் கூட்டம் சுமையைத்தான் கூட்டும். ஆஃப் சீசனில், வார நாட்களில் வந்தால் வேலையின்றி இருப்பவர்களுக்கு வேலை கிடைக்கும். அறை வாடகையும் குறையும். ‘செலவு கூடும்’ என்ற கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஆட்களைக் குறைத்து, கார்களைக் குறைத்து, பாட்டிலும் ஃபிளெக்ஸும் பாதிப் பதார்த்தங்களும் இல்லாமல் நடத்தினால் பட்ஜெட் கூடுவதற்கு வழியில்லை. கூடுவது திட்டமிடும் நேரம் ஒன்றுதான்.

கையெழுத்துப் போடும் முன்

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சூழல், சமூகப் பொறுப்புகளை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நிகழ்ச்சிகளை நிலைத்தன்மையோடு நடத்த ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரநிலை, லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சட்டமும் தரநிலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எஞ்சியிருப்பது நிறுவனங்களின் மனம் மட்டுமே. ஆகவே நிர்வாகப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் இருந்து இந்தக் கூட்டங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொட்டேஷன் மேசைக்கு வரும்போது, மரக்கன்று எத்தனை என்று பார்ப்பதற்கு முன் மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: எல்லோரும் ரயிலில் அல்லது பேருந்தில் ஒன்றாக வர வேண்டும்; பாட்டில் தண்ணீர் கூடாது; தரம்பிரித்த குப்பையின் எடையை எழுதி, யாரிடம் ஒப்படைத்தார்கள் என்ற ரசீதைக் காட்டிய பிறகே கடைசித் தவணை. இந்த மூன்றும் இல்லாத நிகழ்ச்சியின் அழைப்பிதழில் ‘சூழலுக்கு உகந்த’ என்ற சொல்லைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள்.