கணினி விமானமும் ஜக்கூர் செஸ்னாவும்

ஒற்றை எஞ்சின் செஸ்னா ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது அதன் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். முன்னால் சுழலும் விசிறிதான் காரணம். வலது காலால் சுக்கான் (ரடர்) மிதியை அளவாக அழுத்தினால்தான் விமானம் நேரே ஓடும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரும் மாணவர் முதலில் பழகுவது இந்த மிதியைத்தான். வீட்டுக் கணினியில் பறப்பவரிடம் பெரும்பாலும் மிதியே இருக்காது, ஜாய்ஸ்டிக் ஒன்றுதான். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அதற்காக விளையாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வெளிவந்த 1982-இல் திரையில் தெரிந்தவை மிக எளிய உருவங்கள்தான். இன்றைய விளையாட்டுகள் காற்றின் அடர்த்தியைக்கூடக் கணக்கிடுகின்றன. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால், கோடைப் பிற்பகலில் விமானம் மேலெழக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அது திரையிலும் தெரிகிறது. கருவிகளைப் படிப்பதும் செயல்முறை வரிசையும் வீட்டிலேயே மனதில் பதிந்துவிடும். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் தொற்றிக்கொள்ளும்: வெளியே அடிவானத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண் கருவிகளிலேயே நிற்கும்.

விளையாட்டில் வராதது உடல். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் உடலின் எடை இரு மடங்காகும். மேகத்துக்குள் சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் உட்செவி ‘நேராகத்தான் போகிறோம்’ என்று பொய் சொல்லும். அதை மீறிக் கருவியை நம்புவது பயிற்சியால் மட்டுமே வரும். நாற்காலியில் இருப்பவரின் காது பொய் சொல்வதில்லை. அதனாலேயே திரையில் மேகம் எளிது. இந்த மயக்கத்தைத் தரையிலேயே உண்டாக்கிப் பழக்கும் கருவி, பெங்களூரில் விமானப்படையின் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் இருக்கிறது.

விமான நிறுவனங்களின் சிமுலேட்டர் வேறு வகை. அசல் காக்பிட் ஆறு கால்கள் மேல் நின்று ஆடும். வேகமெடுப்பதை உணர்த்த, அறையையே பின்னுக்குச் சாய்ப்பார்கள்; முதுகு இருக்கையில் அழுந்த, புவியீர்ப்பை உடல் முடுக்கம் என்று எண்ணிக்கொள்ளும். ஹெச்ஏஎல் நிறுவனமும் கனடாவின் சிஏஇ நிறுவனமும் சேர்ந்து பெங்களூரில் நடத்தும் ஹாட்ஸாஃப் மையத்தில், ஹெலிகாப்டருக்கு ஏற்றபடி காக்பிட்டையே மாற்றிப் பொருத்தலாம். மேலெழும்போது எஞ்சின் நிற்பது போன்ற ஆபத்துகளை நிஜ விமானத்தில் முழுமையாகப் பழகிப் பார்க்க முடியாது. இங்கே பத்து முறை விழுந்தும் எழலாம். இத்தகைய கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் பெற்றவை. வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் கேட்கப்படும் 200 மணி நேரத்தில், வீட்டுக் கணினியில் பறந்த ஒரு நிமிடமும் சேராது.

ஆனால் அந்தப் பெரிய கருவியாலும் 2 மடங்கு எடையை நீடித்துத் தர முடியாது. பெங்களூரில் உருவான இலகுரகப் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள், தரை சிமுலேட்டரில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டது. அது மட்டும் போதாது என்பதால், பிறகு 1996-இல் அமெரிக்காவில், வேறொரு விமானத்தின் பறக்கும் தன்மையைப் போலிசெய்ய வல்ல எஃப்-16 ஒன்றில் ஏற்றி, வானத்திலேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற அந்த விமானம் 2001 ஜனவரி 4 அன்று ஹெச்ஏஎல் விமான நிலையத்திலிருந்து முதன்முறையாக எழுந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால்.