துலாவும் மோட்டரும்: தீவகத்துக் கிணற்றின் கணக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எதிலும் ஆறு கிடையாது, மலையும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டின் பெரும்பங்கு நீரைத் தருகிறது. அந்த மழை மண்ணிலும் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லிலும் இறங்குகிறது. தீவின் அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. மழைநீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் கலந்துவிடாமல் மேலே படலமாகத் தங்குகிறது. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும் இந்தப் படலத்துக்கு நன்னீர் வில்லை என்று பெயர்.

இந்த வில்லையின் தடிப்பை எளிய கணக்கில் அடக்கலாம். ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். வித்தியாசம் 25 கிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு முழம் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது முழம் நிற்கும். நெதர்லாந்துப் பொறியியலாளர் படோன் கைபென் 1888 இலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901 இலும் தனித்தனியே இந்த விதியை எழுதினார்கள். கைபென் ஆராய்ந்தது ஆம்ஸ்டர்டாம் நகரை அண்டிய நிலத்தடி நீரை. ஒல்லாந்தர் தம் ஆட்சியில் இந்தத் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்திருந்தனர்: காரைநகர் ஆம்ஸ்டர்டாம், ஊர்காவற்றுறைத் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட்.

விதியின் மறுபக்கம்தான் கவனிக்க வேண்டியது. கிணற்றில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் நாற்பது சாண் வரை மேலேறப் பார்க்கும். அது தீவு முழுவதும் சமமாக ஏறுவதில்லை. இறைக்கும் கிணற்றுக்கு நேர் கீழே கூம்புபோல எழும்பும். கூம்பின் முனை கிணற்றைத் தொட்டால் தண்ணீர் சவராகிவிடும். அதற்கு அதிக உப்பும் வேண்டியதில்லை. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் குளோரைட் உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை கடந்துவிடும்.

பழைய தீவக வளவுகளின் துலாக்கிணறு இந்தக் கணக்குக்கு இசைந்த கருவி. கிணற்றடியில் இரண்டு ஆடுகால்கள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே ஓர் அச்சு. அச்சின் மேல் நீண்ட பனைமரத் துலா. துலாவின் பின்நுனியில் பாரத்துக்குக் கல் கட்டியிருக்கும். முன்நுனியிலிருந்து தொங்கும் கயிற்றில் வாளி. இறைப்பவர் கயிற்றைக் கீழே இழுத்து வாளியை நீரில் அமிழ்த்துகிறார். கை தளர்ந்ததும் பின்பாரம் தாழ்ந்து நிறைந்த வாளியைத் தூக்கிவிடுகிறது. ஏற்றும் வேலை கல்லுக்கு, இறக்கும் வேலை மனிதருக்கு. தோட்டத்துக்கு இறைக்கும்போது துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்.

வாளி 12 லீற்றர் கொள்ளும் என்றும், ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லீற்றர் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், அது 42 வாளி. காலையில் முகம் கழுவ, சமைக்க, நடுப்பகலில் ஆட்டுக்கும் மாட்டுக்கும், மாலையில் குளிக்க என்று அந்த 42 வாளியும் நாள் முழுவதும் பரவிவிடும். இடையிடையே கிணறு ஊறிக்கொள்கிறது; நீர்மட்டம் அதிகம் இறங்குவதில்லை. மணிக்கு 2,000 லீற்றர் இறைக்கும் மோட்டர் அதே 500 லீற்றரைக் கால்மணி நேரத்தில் மேல்தாங்கிக்கு ஏற்றிவிடும். அளவு ஒன்றுதான், வேகம் வேறு. கை வலிக்காததால் அளவும் மெல்லக் கூடும். மோட்டர் உள்ள வீடுகள் சிறிது நேரம் இறைத்து, கிணறு ஊறவிட்டு, மறுபடி இறைத்தால் பாதிப்புக் குறையும்.

இறைத்த தண்ணீர் போகும் வழியும் அன்றாடப் பழக்கத்தைச் சேர்ந்தது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்து, ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்கும். குடிக்க நல்ல தண்ணீர்க் கிணறு, குளிக்கக் கழுவச் சவர்க் கிணறு என்று பிரித்துப் புழங்குவதும் நல்ல நீரைக் காக்கும் வழி. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் இந்தக் கவனம் எல்லாம் வீண். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டுவதில்லை, கடத்திவிடுகின்றன.

வீட்டுப் பழக்கம் முடியும் இடத்தில் ஊர்த் திட்டம் தொடங்குகிறது. முதலாவது, குளங்களும் கேணிகளும். தூர்வாரிய குளம் மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் நிறுத்தி வில்லையைத் தடிப்பாக்கும். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் கோடையில் நம்பியிருப்பதும் இத்தகைய நீர்நிலைகளைத்தான். இரண்டாவது, கூரை. இலங்கை அரசு 2005 இல் மழைநீர் சேகரிப்புக்குத் தேசியக் கொள்கை வகுத்தது. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, கட்டடங்களில் மழைநீரைச் சேகரிப்பதற்குச் சட்ட அடிப்படை ஏற்பட்டது. ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 5 லீற்றர் என்றால், ஐந்து பேருக்கு 240 கோடை நாட்களுக்கு 6,000 லீற்றர் போதும். 100 சதுர மீற்றர் கூரையில் 60 மில்லிமீற்றர் மழை பெய்தாலே அவ்வளவு நீர் விழுந்துவிடும். மூன்றாவது, காலம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா ஆனி மாதத்தில், மழை இல்லாத பருவத்தில் வருகிறது. குறிகட்டுவானிலிருந்து படகேறி வரும் அடியவர் கூட்டத்துக்கான தண்ணீரை மாரியிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

கடல்நீரை நன்னீராக்குவதும் ஒரு வழி. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால் இத்தகைய நிலையங்களில் ஒரு கனமீற்றர் நீருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். தேசிய மின்வலையமைப்புடன் இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. அங்கே சூரிய ஒளி, காற்று, டீசல் மூன்றையும் இணைத்து மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்சாரம் மலிந்தாலும் அது கடல்நீரைத்தான் சுத்தமாக்கும். சவராகிவிட்ட கிணற்றை மீட்காது. அந்த வேலையைச் செய்வது மழை. அதற்கும் பல மாரிகள் வேண்டியிருக்கும்.