சூளூர்பேட்டையின் குரல் தில்லியில் எடுபடுமா?

சென்னைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளது சூளூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில் மட்டுமே தில்லியின் பார்வை அப்பக்கம் திரும்புகிறது.

திருப்பதி மக்களவைத் தனித் தொகுதியில் அடங்கிய ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகளில் இதுவும் ஒன்று. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் இங்குள்ள மீனவர்கள் விடுக்கும் கோரிக்கை, பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்பது. மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது. மீனும் இறாலும் குறையும்.

2021 இடைத்தேர்தலில் 2.71 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற இயன்முறை மருத்துவர் எம். குருமூர்த்தி (ஒய்எஸ்ஆர் காங்கிரஸ்), இக்கோரிக்கையை வலியுறுத்தி வந்தார். 2023 நவம்பரில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு இப்பணிக்கு அடிக்கல்லும் நாட்டியது. 2024-இல் குருமூர்த்தி மீண்டும் வென்றபோதிலும் வாக்கு வித்தியாசம் சுமார் 14 ஆயிரமாகச் சுருங்கியது. மாநிலத்தில் ஆட்சியும் கைமாறியது.

சாலையையும் குடிநீரையும் சட்டப்பேரவை உறுப்பினரிடம் கேட்கலாம். ஏரியின் நிலை வேறு. அது பறவைகள் சரணாலயம் என்பதால் தூர்வாரவும் மத்திய அனுமதி வேண்டும். ராக்கெட் ஏவும்போது மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை. அதற்கு இழப்பீடு கேட்பதானால் பிரதமர் பொறுப்பில் உள்ள விண்வெளித் துறையின் கதவைத்தான் தட்ட வேண்டும். மக்களவை உறுப்பினரின் வேலை தொடங்குவதே இங்குதான்.

2024 தேர்தலில் ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்குக் கிடைத்தவை நான்கே இடங்கள். விவாதங்களில் நேரம் ஒதுக்கப்படுவது கட்சியின் பலத்தைப் பொருத்தே. மத்தியக் கூட்டணியில் செல்வாக்குடன் இருப்பது தெலுங்கு தேசம். முகத்துவாரத்துக்காக இரு கட்சிகளும் ஒரே அமைச்சரின் அறைக்குச் சேர்ந்து செல்லுமா என்பதே மீனவர்களின் கேள்வியாக இருக்கும்.